அப்பாவுக்கு வெள்ளி, எங்களுக்கு ஞாயிறு

நான் ஏழாம் வகுப்பு படித்த வருஷம், ஆவடியில் எங்கள் குவார்ட்டர்ஸ் சுவரில் இரண்டு காலண்டர்கள் தொங்கின. ஒன்று மளிகைக்கடைக்காரர் கொடுத்தது. அதில் ஞாயிற்றுக்கிழமைகள் சிவப்பு. இன்னொன்று அப்பா வளைகுடாவிலிருந்து கொடுத்தனுப்பியது. அதில் வெள்ளிக்கிழமைகள் சிவப்பு. அப்பா அங்கே பாலைவனத்து நடுவில் ஒரு கேம்ப்பில் தங்கி வெல்டிங் வேலை செய்தார். அம்மா இங்கே பட்டாளத்துக்கு உடுப்பு தைக்கும் தொழிற்சாலையில் இருந்தாள். அவருக்கு லீவு என்றால் இவளுக்கு வேலை, இவளுக்கு லீவு என்றால் அவருக்கு வேலை. அவர் போன எட்டு மாதத்தில் இருவருக்கும் சேர்ந்தாற்போல் ஒரு லீவுகூட வரவில்லை.

அப்பாவின் கடிதங்களில் லீவுக் கதைகள்தான் அதிகம். அவருடைய அறையில் இருந்த பிலிப்பைன்ஸ்காரர் செப்டம்பர் பிறந்ததுமே கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டிவிட்டாராம். நேபாளத்துக்காரர், எங்கள் ஊரில் தசராவுக்குப் பதினைந்து நாள் கொண்டாட்டம் என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாராம். இலங்கைக்காரர் சொன்னதுதான் என்னைக் கிறங்க வைத்தது. அங்கே ஒவ்வொரு பௌர்ணமிக்கும் விடுமுறையாம்! அடேயப்பா, நிலாவைப் பார்த்து லீவு விடும் நாடு! சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து நிலா வளர்வதைப் பார்க்கும்போதெல்லாம், கடலுக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகளை நினைத்து எனக்கு வயிறு எரியும்.

அந்தக் கோடையில் ஒரு கடிதம் வந்தது. ரம்ஜானுக்கு மூன்று நாள் லீவு. முதல் நாள் காலை மட்டும் கேம்ப் வண்டி டவுனுக்குப் போகும். அங்கிருந்து நம் நேரத்துக்குப் பதினொரு மணிக்கு எதிர்வீட்டு போனில் கூப்பிடுகிறேன் என்று எழுதியிருந்தார். அவர் போனதிலிருந்து அம்மா அவர் குரலைக் கேட்டதில்லை. லீவு விஷயத்தில் வீட்டில் நான்தான் பெரிய மேதாவி. மளிகைக்கடைக் காலண்டரைப் பார்த்து வியாழக்கிழமையைச் சுற்றி வட்டம் போட்டேன். அம்மாவுக்கும் அன்று தொழிற்சாலை விடுமுறை. பேச வேண்டியதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். அலமாரியிலிருந்து பச்சைப் புடவையை எடுத்து வெளியே வைத்தாள். "போன்ல புடவை தெரியுமாக்கும்?" என்று கேட்டேன். "உன் வேலையைப் பாருடி" என்றாள்.

புதன்கிழமை நான் கணக்குப் பரீட்சை எழுதிவிட்டு வந்தேன். சாயங்காலம் அம்மா தெருவில் நுழையும்போதே எதிர்வீட்டு அத்தை ஓடிவந்தார்.

"யம்மா, உன் ஊட்டுக்காரரு காலைல போன் பண்ணாரும்மா. அங்க இன்னிக்கே பண்டிகையாம். நேத்தே நெலாப் பொற தெரிஞ்சுடுச்சாம்."

அம்மா சாப்பாட்டுக் கூடையோடு அப்படியே நின்றாள். "நாளைக்குக் கூப்பிடச் சொன்னீங்களா?"

"சொன்னேம்மா. இங்க நாளைக்குத்தான் பண்டிக லீவு, உங்க ஊட்டம்மா வேலைக்குப் பூட்சுன்னேன். வண்டி இன்னிக்கு மட்டுந்தான் கீதாம். அதுக்குள்ள கட்டாய்ட்ச்சு. நான் இன்னாம்மா பண்றது?"

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. காலண்டர் போட்டவனைத் திட்டினேன். நிலாவைத் திட்டினேன். ஒரே நிலா, அங்கே ஒருநாள், இங்கே ஒருநாள் என்று இதென்ன அழிச்சாட்டியம்! கடைசியில் வட்டம் போட்ட என்னையே திட்டிக்கொண்டு அழுதேன். அம்மா அழவில்லை, என்னையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தத் தாளை மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தாள்.

மறுநாள் வியாழக்கிழமை. அம்மா தலைக்குக் குளித்தாள். பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டாள்.

"போன் வராதும்மா."

"தெரியும்டி. அவருக்கும் இன்னிக்கு லீவு, எனக்கும் லீவு. ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல லீவு வந்திருக்கு. சும்மா இருக்கச் சொல்றியா?"

வடை சுட்டாள். பாயசம் வைத்தாள். ஊரில் அப்பா இருந்தபோது லீவு நாள் என்றால் இப்படித்தான், சாப்பிட்டதும் மூவரும் தரையில் பாய் விரித்துப் படுத்துவிடுவோம். அன்றும் பாய் விரித்தாள், அகலமாக. ஃபேன் மெதுவாகச் சுற்றியது. பட்டாபிராம் பக்கம் ஏதோ ரயில் கூவிக்கொண்டே போனது. ஜன்னல் துணி வழியாக வந்த வெயில் சுவரெல்லாம் மணல் நிறமாக அசைந்தது. கண்ணை மூடினால் அப்பாவின் கேம்ப்புக்குள்தான் நான் படுத்திருந்தேன். மேல் கட்டிலில் நட்சத்திரம் கட்டியவர், பக்கத்தில் பௌர்ணமிக்காரர். யாரும் எழுந்து வேலைக்குப் போகவில்லை. அம்மா பாயின் இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம். நடுவில் அப்பாவின் இடம் காலியாகக் கிடந்தது. அப்படியே தூங்கிப்போனோம்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. நான்தான் வாசித்தேன். போன் கட்டானதற்கு வருத்தம், வெயில், இருமல் எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் எழுதியிருந்தார்: "மறுநாள் எல்லாரும் சீட்டாடக் கூப்பிட்டார்கள். போகவில்லை. உங்களுக்கும் அன்றுதான் லீவு என்று எதிர்வீட்டு அம்மா சொன்னார்களே. சாப்பிட்டுவிட்டு, கட்டிலை விட்டு இறங்கித் தரையில் பாய் விரித்துப் படுத்துவிட்டேன்."

அம்மா அந்த வரியை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள்.

"எந்தப் பக்கம் படுத்தாராம்?" என்று கேட்டாள்.

"அது எழுதலைம்மா."

"நடுவுலதான் படுத்திருப்பார்" என்றாள். அப்புறம்தான் அழுதாள்.