சரிவில் இறங்கும் வீட்டைப் பார்க்க அம்மாவுடன் ஒரு ஞாயிறு

நான் வேலை பார்க்கும் ஏற்றுமதி கம்பெனியின் ஷிப்மென்ட் சனிக்கிழமை இரவுதான் கிளம்பியது. ஞாயிறு முழுக்கத் தூங்கியிருக்க வேண்டும். ஆனால் திங்கட்கிழமை எங்கள் மனைக்குப் பொக்லைன் வருவதாக அப்பா பேசி முடித்திருந்தார். ஏழு சென்ட். சாலையோரம் மட்டமாகத் தொடங்கி, பின்பக்கம் எட்டடி இறங்குகிறது. மண் கொட்டி நிரவிவிடலாம் என்பது அப்பாவின் கட்சி. நிரவினால் மழைத்தண்ணீர் போகும் வழி அடைபடும். சரிவோடு சரிவாக வீடும் மூன்று மட்டங்களாக இறங்கட்டும் என்பது என் கட்சி. “அப்படியொரு ஊட்டப் பாத்துட்டு வந்து சொல்லு” என்றார். ஊத்துக்குளிக்கு அப்பால் ஒன்று இருப்பதாக அலுவலகத்தில் விசாரித்து வைத்திருந்தேன். அப்பாவுக்கு அன்று ஒரு கல்யாணம் இருந்தது. அம்மா வந்தார்.

திருப்பூரிலிருந்து தனியார் பேருந்தில் ஆளுக்கு இருபது ரூபாய், முக்கால் மணி நேரம். அரசு டவுன் பஸ் என்றால் பெண்களுக்குக் காசில்லை. ஆனால் அது வர வேண்டும். ஊத்துக்குளியில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். ஐந்து கிலோமீட்டர், நூற்றைம்பது ரூபாய்.

“அந்த எறக்கத்து ஊடுங்களா?” என்றார் ஓட்டுநர். “ஞாயித்துக்கெழமை ஆனா அங்கதானுங்க சவாரி. ஊட்டுக்காரர் டிக்கெட் போட்டார்னா, ஊடு கட்டுன கடனே அடைஞ்சு போகும்.”

சின்னப் பாறைக்குன்று, கரடு என்பார்கள், அதன் சரிவில் இருந்தது வீடு. சாலையிலிருந்து பார்த்தால் சின்ன ஓட்டு வீடு. உள்ளே போனால் கூடத்திலிருந்து படியிறங்கிச் சமையலறை, அதற்கும் கீழே படுக்கையறைகள், அடியில் மழைநீர்த் தொட்டி. பாறையை உடைக்கவில்லை. அங்கே கிடந்த கல்லையே தாங்குசுவராக அடுக்கியிருந்தார்கள். கீழே நுழைந்த காற்று மேல் ஜன்னல்கள் வழியே வெளியேறியது. உச்சிவெயிலிலும் மின்விசிறி ஓடவில்லை.

வீட்டுக்காரர் சிவகுமார் ஒவ்வொன்றாகக் காட்டினார். “இதுவரைக்கும் இந்த வாசல்ல தண்ணி லாரி நின்னதில்லீங்க.”

கீழே சமையலறையிலிருந்து அவர் மனைவி கவிதாவின் குரல் வந்தது. “நின்னா ஆரு மேல ஏறி வந்து குழாய் புடிக்கறது? வர்றவங்க பாக்கறதுக்குக் கட்டுன ஊடுங்க இது. குடியிருக்கறது நானொருத்திதான்.”

நான் கீழ்மட்டம் வரை போய் அளந்து, படமெடுத்து, மூச்சு வாங்க மேலே வந்தேன். அம்மா வாசலை ஒட்டிய நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.

“கீழ பாக்கலையாம்மா?”

“இங்கிருந்தே தெரியுது கண்ணு. நல்லா இருக்குது.”

டீயோடு ஏறி வந்த கவிதா அவரை ஒருமுறை பார்த்தார். “அக்கா, முட்டிவலிதானுங்க?”

அம்மா சிரித்துவிட்டார். பனியன் கம்பெனியில் செக்கிங் மேசை முன்னால் இருபது வருடம் நின்றவர். “நின்னு நின்னு தேஞ்சு போச்சுங்க.”

“அத ஏனுங்க புள்ளகிட்டச் சொல்லல?”

“லீவு நாளெல்லாம் உக்காந்து வரஞ்சுதுங்க. எப்படி வேண்டாம்னு சொல்றது?”

வரைபடத்தை நான் காட்டியபோதெல்லாம் ‘நல்லா இருக்குது’ என்றுதான் சொல்லியிருந்தார். அம்மா அப்பா படுக்கையறையை நான் வைத்திருந்தது கடைசி மட்டத்தில்.

வீட்டைக் கீழே இறக்காமல் சரிவுக்குக் குறுக்கே நீட்டினால் என்ன என்று சிவகுமாரிடம் கேட்டேன்.

“பண்ணலாமுங்க. சாலை மட்டத்துலயே ஒரே தளம், பின்னால தூணு. தண்ணி அடியில போயிரும். செலவு கொஞ்சம் கூடும்.”

“எங்கிட்ட இதச் சொல்லவே இல்லீங்களே” என்றார் கவிதா. சிவகுமார் தொட்டி மூடியைச் சரிபார்க்கக் கீழே போய்விட்டார்.

திரும்பும் பேருந்தில், மடியில் வைத்து மறுபடி வரைந்தேன். சமையலறை, அம்மா அப்பா அறை, குளியலறை எல்லாம் சாலை மட்டத்தில். தூண்களுக்கு நடுவே தொட்டியும் ஒரே ஓர் அறையும். அப்பாவைப் போனில் அழைத்துப் பொக்லைனை நிறுத்தச் சொன்னேன். “உங்கம்மா என்ன சொல்றா?” என்றார். போனைக் கொடுத்தேன்.

அம்மா தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “மண்ணுக் கொட்ட வேண்டாமுங்க. நானு படியெறங்க மாட்டேன், அதையும் புள்ளகிட்டச் சொல்லிப்போட்டேன்.” பிறகு என்னிடம், “கீழ ரூம் ஆருக்கு?”

“எனக்குத்தான்.”

“அப்பச் சோத்துக்கு நீதான் ஏறி வரோணும்.”

போக நினைப்பவர்கள் முதலில் அனுமதி கேளுங்கள். கவிதாவுக்கும் வாரத்தில் ஒரு ஞாயிறுதான். மதியம் போனால்தான் அந்த வீட்டின் குளுமை தெரியும். தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள், வழியில் கடையில்லை. உங்கள் வீட்டில் குடியிருக்கப் போகிறவரையும் அழைத்துப் போங்கள். அவர் என்ன சொல்கிறார் என்பதைவிட, எந்த இடத்தில் உட்கார்ந்துவிடுகிறார் என்று பாருங்கள்.