ரத்தக்குழாய்க்கு எண்ணெய் போட்டவர்

என் வீட்டுக்காரர் நூற்பாலையில் இருபத்தாறு வருடமாக மிஷின்களுக்கு எண்ணெய் போடுகிறார். எது கீச்சென்று கத்தினாலும் அவருக்குப் பொறுக்காது. ஒருமுறை தெருவில் போன சவ ஊர்வலத்தையே நிறுத்தி, வண்டிச் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டார். அழுதுகொண்டிருந்தவர்கள் நன்றி சொல்லிவிட்டுத் திரும்ப அழுதார்கள்.

போன மாதம் ஆலை டாக்டரம்மா அவருக்கு பிரஷர் பார்த்தார். நூற்று அறுபது. மூன்று வாரத்தில் நூற்று நாற்பதுக்குக் கீழே இறங்காவிட்டால் மிஷின் பக்கமே விடமாட்டார்களாம். வாசலில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவர் பெயரை எழுத வேண்டும். மனுஷன் செத்தே போய்விடுவார்.

"தினம் மாத்திரை போடுங்க, உப்பைக் குறைங்க. வாரத்துல ரெண்டு நாள் மீன் சாப்பிடுங்க. அதுல இருக்கற கொழுப்பு ரத்தக்குழாயைக் கொஞ்சம் தளர்த்தும்" என்றார் டாக்டரம்மா.

இவர் காதில் கடைசி வரி மட்டும்தான் ஏறியது.

"பாத்தியா, குழாய் வறண்டு போச்சு. அவ்வளவுதான் கோளாறு!"

"உங்களுக்கு இருக்கற கொழுப்பு பத்தாதா?"

மறுநாளிலிருந்து மூன்று வேளையும் மத்தி மீன். தெருப் பூனைகள் அவரை ஆலை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தன. மாத்திரையை மட்டும் தொடவில்லை.

"அது காய்ஞ்ச பண்டம். உள்ள போனா உராயும்."

"அப்ப எண்ணெய்ல முக்கி முழுங்குங்க. இல்லைன்னா வாசல்ல உக்காந்து பேர் எழுதுங்க."

முக்கித்தான் விழுங்கினார், தினமும், என் கண் முன்னால்.

சோதனை நாளில் நானும் கூடப் போனேன். டாக்டரம்மா கை கழுவப் போன நேரம் பார்த்து, மேஜைமேல் இருந்த பிரஷர் மிஷினின் ரப்பர் பந்தை இவர் எடுத்து, அதில் காற்றைத் திறந்து மூடும் திருகைத் திருப்பினார். கீச்சென்றது. நான் "வேணாங்க" என்பதற்குள் பையிலிருந்து குப்பி வெளியே வந்து, இரண்டு சொட்டு விழுந்துவிட்டது.

டாக்டரம்மா வந்து கையில் பட்டையைச் சுற்றிப் பந்தை அமுக்கினார். திருகு வழுக்கி, காற்று புஸ்ஸென்று போனது. முள் சறுக்கிக்கொண்டு அறுபதுக்கு வந்த பிறகுதான் அவர் காதில் துடிப்பே கேட்டது.

"அசையாதீங்க! அப்படியே படுங்க! நர்ஸ், ஸ்ட்ரெச்சர்!"

"பாத்தியா, மீன் எப்படி வேலை செய்யுது?" என்று படுத்தபடியே என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"டாக்டரம்மா, மனுஷனுக்கு ஒண்ணுமில்ல. உங்க மிஷினுக்குத்தான் எண்ணெய் போட்டுட்டார்" என்று போட்டு உடைத்தேன்.

வேறு மிஷின் கொண்டுவந்து பார்த்தார்கள். நூற்று முப்பத்தாறு.

"மாத்திரை கேட்டிருக்கு. மீனும் கொஞ்சம் உதவியிருக்கலாம். ரெண்டையும் நிறுத்திடாதீங்க" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா சான்றிதழ் எழுதினார்: 'மிஷின்களோடு வேலை செய்யத் தகுதியானவர். மருத்துவ அறைக்கு வரும்போது பையைச் சோதனை செய்து உள்ளே விடவும்.'

இவருக்கு முதல் வரி போதும். நேராக ஆலைக்குள் ஓடிவிட்டார்.