அலுமாரிக்குள் வளர்ந்த பயறு

சனிக்கிழமை எனக்கு ஓய்வு நாள் என்று அலுவலகத்தில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் மறுப்பதில்லை. விளக்கிச் சொல்லவும் தெம்பு வேண்டும்.

விடிய எழுந்து சோறு பார்சல் கட்டி, தரம் ஐந்தில் படிக்கும் மகளைக் கண்டியில் நடக்கும் புலமைப்பரிசில் வகுப்பில் விட வேண்டும். வகுப்பு முடியும்வரை மற்றத் தாய்மாரோடு படிக்கட்டில் உட்கார்ந்திருப்பேன். பிறகு பஸ் நிலையத்தில் நின்றபடியே பார்சலைச் சாப்பிட்டுவிட்டு பேராதனைக்குப் போவோம். அங்கே ஒரு சிறிய மண்டபத்தில், பல்கலைக்கழகத்தில் படிக்கும் சில பெண்கள் சேர்ந்து, பெண் பிள்ளைகளுக்கு விஞ்ஞானப் பரிசோதனைகள் செய்து காட்டினார்கள். காட்டினார்கள் என்பது பிழை. அவர்கள் எதையும் காட்டமாட்டார்கள். பிள்ளைகள்தான் செய்ய வேண்டும். வீட்டிலிருந்து பெரியவர் ஒருவரும் கூடவே உட்கார்ந்து செய்ய வேண்டும் என்பதுதான் அவர்கள் போட்ட ஒரே நிபந்தனை.

"இன்னும் நாலு மாசத்துல புலமைப்பரிசில் சோதனை. அது முடிஞ்ச பொறகு இதெல்லாம் பாத்துக்கலாம்தானே," என்று கணவர் சொன்னார். அவர் சொன்னதில் பிழை இல்லை. ஆனாலும் அழைத்துப் போனேன். போகும் வழியெல்லாம் இது சரியா என்று யோசித்துக்கொண்டே போனேன்.

காரணம் இதுதான். மகளிடம் எதைக் கேட்டாலும் முதலில் என் முகத்தைப் பார்ப்பாள். "வெளிய மழையா?" என்று கேட்டால்கூட யன்னலுக்குப் போகுமுன் என்னைத்தான் பார்ப்பாள். வகுப்பாசிரியையும் சொன்னார், விடை தெரிந்தாலும் பக்கத்துப் பிள்ளை கை தூக்கும்வரை இவள் தூக்கமாட்டாளாம். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். தரம் மூன்றிலிருந்தே பழைய வினாத்தாள்களை விரித்து வைத்து, கையில் சிவப்புப் பேனாவோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான்தான்.

அந்த மண்டபத்துக்குப் போன மூன்றாவது வாரம், தோடம்பழத்தை உரிக்காமல் தண்ணீரில் போட்டால் தாழும் என்று வேண்டுமென்றே பல்கலைக்கழக மாணவி ஒருத்தி சொன்னபோது, "இல்ல அக்கா, மிதக்குது," என்று சத்தமாகச் சொன்னாள் என் மகள். என்னைப் பார்க்காமல் சொன்னாள். அந்த ஒரு வசனத்தை வைத்துக்கொண்டே அந்த வாரம் முழுவதையும் நான் ஓட்டினேன்.

அதற்கடுத்த வாரம் பயறு கொடுத்து அனுப்பினார்கள். இரண்டு யோகட் கோப்பைகளில் ஈரப் பஞ்சு வைத்துப் பயறு போட வேண்டும். ஒன்றை யன்னலிலும் மற்றதை இருட்டிலும் வைத்து, நாளாந்தம் உயரத்தை அளந்து எழுத வேண்டும். எங்கள் வீட்டில் இருட்டு என்றால் அலுமாரிதான். என் சாரிகளுக்குக் கீழ்த்தட்டில் கோப்பை இருந்தது. ஒவ்வொரு மாலையும் பாடசாலைச் சட்டையைக்கூட மாற்றாமல் அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு போவாள். நான் குசினியில் சமைத்துக்கொண்டிருந்தேன். கூடவே உட்கார வேண்டும் என்ற நிபந்தனை எனக்கு நினைவில் இருந்தது. உட்காரத்தான் முடியவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் பென்சிலால் எழுதியிருந்த தாளை வாங்கி, பிரிஸ்டல் போர்டில் கோடு போட்டு அழகாகப் பிரதி எடுக்க உட்கார்ந்தேன். பாடசாலையில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் எந்த ஒப்படையையும் நாங்கள் அப்படித்தான் கொடுத்தனுப்புவோம். என்னைப் போன்ற தாய்மார் எல்லோருடைய கையெழுத்தும் ஆசிரியர்களுக்கு மனப்பாடம். பிரதி எடுக்கும்போதுதான் பார்த்தேன். யன்னல் செடி பதினொரு சென்ரிமீற்றர். அலுமாரிச் செடி பத்தொன்பது.

தாவரம் வளர வெளிச்சம் வேண்டும். புத்தகத்தில் இருக்கிறது. எத்தனையோ வினாத்தாள்களில் அதற்குக் கீழே நான் சரி போட்டிருக்கிறேன். நான் படித்த தேயிலைத் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானத்துக்கு ஆசிரியர் இல்லாத வருடங்கள்தான் அதிகம். அதனால் புத்தகத்தில் இருப்பதை ஒரு எழுத்துக்கூட மாறாமல் நம்பிப் படித்தவள் நான். பிள்ளை தலைப்பை மாற்றிப் போட்டுவிட்டாள் என்று நினைத்தேன். அலுமாரி நாலடி தூரத்தில் இருந்தது. எழுந்து போய்ப் பார்க்கவில்லை. இலக்கங்களை இடம் மாற்றி எழுதினேன்.

மகள் வந்து எட்டிப் பார்த்தாள். "அம்மா, இது மாறி இருக்கு."

"நீதான் மாத்தி எழுதியிருக்க."

"நான் அளந்தேனே."

"புத்தகத்துல என்ன இருக்கு?"

கொஞ்ச நேரம் தாளைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "சரி," என்றாள்.

மறுநாள் கோப்பைகளைக் கொண்டுபோகவில்லை. பஸ் நெரிசலில் சரிந்துவிடும் என்று நான்தான் வேண்டாம் என்றேன்.

மண்டபத்தில் எங்களுக்குப் பக்கத்து மேசையில் வழக்கம்போல் அலவத்துகொடையிலிருந்து வரும் ஒரு தாயும் மகளும் இருந்தார்கள். அவர்கள் ஓட்டோவில் கோப்பைகளையும் கொண்டுவந்திருந்தார்கள். இருட்டுச் செடி வெளிறி, நூல் மாதிரி நீண்டு, கோப்பைக்கு வெளியே தொங்கியது.

"பாருங்க தங்கச்சி," என்றார் அந்தத் தாய். "கழுத்த நீட்டிக்கொண்டு ஈக்கி. கதவிடுக்கால யார் வாரா என்டு பாத்த போல." அவர் பேச்சில் இருக்கு என்பது ஈக்கி.

சிரிக்க முயன்றேன். மகளின் கையிலிருந்த பிரிஸ்டல் போர்டைப் பார்த்தேன்.

பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போய்த் தங்கள் இலக்கங்களைப் பலகையில் எழுதினார்கள். எல்லோருக்கும் இருட்டில்தான் உயரம் கூடுதல். என் மகள் பிரிஸ்டல் போர்டை நெஞ்சோடு பிடித்தபடி பலகைக்கு முன்னால் நின்றாள். எழுதவில்லை.

"பரவாயில்லை, தாளில இருக்கிறத எழுதுங்கோ," என்றாள் அன்று நடத்திய மாணவி. யாழ்ப்பாணத்துப் பெண்.

எழுதினாள். வெளிச்சத்தில் பத்தொன்பது, இருட்டில் பதினொன்று. பின்னாலிருந்து யாரோ ஒரு சிறுமி சிரித்தாள். மாணவி சிரிக்கவில்லை. பலகைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தாள். "இது வித்தியாசமா இருக்கு. ஆர் அளந்தது?"

மகள் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள். "நான்தான் அக்கா. பிழையா அளந்துட்டேன்."

அந்த இடத்தில் நான் பேசாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த எண்ணமும் வந்தது என்பதை எழுதத்தான் வேண்டும். எழுந்தபோது கதிரை கிரீச்சிட்டது.

"இல்ல, மிஸ். பிள்ளை சரியாத்தான் அளந்தா. நான்தான் மாத்தி எழுதினேன்."

பிறகு பக்கத்து மேசைத் தாய் தன் மகளின் தாளைத் தூக்கிப் பிடித்தார். "எங்கட ஊட்லயும் நான் அழிச்சதுதான். மகள் விடல்ல. நான் அழிக்க அழிக்கத் திரும்ப எழுதினா. இந்தா, தாள் ஓட்டையாகி ஈக்கி."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்த ஓட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பிள்ளை இரண்டாவது தரம் எழுதவில்லை. சரி என்று சொல்லிவிட்டாள்.

இருட்டில் இருக்கும் செடி, விதைக்குள் உள்ள உணவையெல்லாம் வெளிச்சத்தைத் தேடி நீளுவதற்கே செலவழிக்கிறதாம். அதனால்தான் தண்டு மெல்லிசு, இலை மஞ்சள். மாணவி விளக்கினாள். எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது.

திரும்பும் பஸ்ஸில் மகள் பிரிஸ்டல் போர்டைச் சுருட்டி மடியில் வைத்திருந்தாள். மன்னிப்புக் கேட்கலாமா, கேட்டால் இன்னும் பெரிதாகிவிடுமா என்று யோசித்தபடியே கண்டி வந்துவிட்டது. கேட்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் கைப்பையை வைத்துவிட்டு அலுமாரியைத் திறந்தேன். கோப்பையை மேசையில் வைத்து, அடிமட்டத்தை அவளிடம் நீட்டினேன். "நீ பாத்து சொல்லு. நான் எழுதுறேன்."

"சொல்றத அப்படியே எழுதுவீங்களா?"

"எழுதுறேன்."

சரிந்த தண்டை விரலால் நிமிர்த்தி அளந்தாள். "இருபத்தொன்னு."

அவளுடைய பழைய பென்சில் தாளில், பத்தொன்பதுக்குக் கீழே எழுதினேன். களைப்பில் எழுத்து கோணலாக வந்தது. அவள் தாளைத் தன் பக்கம் திருப்பி, நான் எழுதியதைப் பார்த்தாள். பிறகு அடிமட்டத்தை இன்னொரு தரம் வைத்து அளந்துவிட்டுத்தான் தாளை என்னிடம் திருப்பித் தந்தாள்.