ஒரே குழியில் இரண்டு பிள்ளைகள்

போன வாரம் என் மைத்துனன் ரோமாபுரி யாத்திரை முடித்துவிட்டு விவேக் நகரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். கோயில் பங்கு ஜனங்களோடு கூட்டமாகப் போய் வந்தவர்களுக்கு ஒரு சின்னக் கர்வம் இருக்குமே, அது அவனுக்கும் இருந்தது. செல்போனில் படங்களைத் தள்ளித் தள்ளி, பூமிக்கு அடியில் சுரங்கம் போல் ஓடும் பழங்காலத்துக் கல்லறைகளைக் காட்டினான். ஆதிக் கிறிஸ்தவர்களை அங்கே சுவரைக் குடைந்து அடுக்கடுக்காக வைத்திருக்கிறார்கள். "நம்ம ஊர்ல இந்த மாதிரி பழசு என்ன மாமா இருக்கு?" என்றான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. லால்பாக் பாறை மேல் கெம்பேகவுடா கோபுரம் இல்லையா என்றேன். சும்மா வீம்புக்குச் சொன்னதுதான். அந்தப் பாறையில் நான் ஏறியே பல வருஷமாகிறது.

அடுத்த படத்தில் அவன் விரல் நின்றது. சுவரில் கைக்குழந்தை படுக்கிற அளவுக்குச் சின்னச் சின்னப் பொந்துகள். "இதெல்லாம் குழந்தைங்களுக்காம் மாமா. பாதிக்குப் பேர்கூட இல்ல." அதற்குப் பிறகு அவன் காட்டிய கோயில்களும் நீரூற்றுகளும் எதுவுமே என் மனதில் ஏறவில்லை. எனக்கு ஸ்டெல்லாவின் ஞாபகம் வந்துவிட்டது.

ஸ்டெல்லா என் தங்கை. நடக்கப் பழகி, ஓடவும் பழகிவிட்ட வயதில் மஞ்சள் காமாலை வந்து போய்ச் சேர்ந்தாள். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் முன்பக்கம் முழுக்க கண்டோன்மென்ட் காலத்து வெள்ளைக்காரர் சமாதிகள். உடைந்த தூண், இறக்கை போன சம்மனசுச் சிலை, பாசி மூடிய ஆங்கில எழுத்து. அதைத் தாண்டினால் குழந்தைகள் வரிசை. அப்பா அடுகோடியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். கல் வைக்க வசதியில்லாமல் மரச்சிலுவை நட்டார். அதைக் கரையான் தின்றுவிட்டது. வருஷா வருஷம் மழைக்குப் பிறகு தோட்டத்து ஆட்கள் எல்லா மேட்டுக்கும் புதுச் செம்மண் போடுவார்கள். எது யாருடையது என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். அம்மா ஒரு அடையாளம் வைத்திருந்தாள். ஏதோ ஒரு துரை தன் குழந்தைக்குக் கட்டிய சமாதியின் மேல் பளிங்கு ஆட்டுக்குட்டி ஒன்று படுத்திருக்கும். அது பார்க்கிற பக்கத்தில் முதல் மேடு எங்களுடையது.

வருஷத்துக்கு ஒருமுறை செத்தவர்களின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துப் பூ வைக்கும் கல்லறைத் திருநாள் என்றால் எனக்கு இன்றைக்கும் ஈரச் சுண்ணாம்பும் சாமந்தியும் உருகும் மெழுகும் கலந்த ஒரு வாசனைதான். அந்த வயதில் அதைவிட முக்கியமாக, திரும்பும் வழியில் ஓட்டலில் கிடைக்கும் மசாலா தோசை. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜெபமாலை உருட்டுவாள். நான் சட்னியை நினைத்துக்கொண்டு 'அருள் நிறைந்த மரியே' சொல்வேன். மாதா மன்னித்திருப்பாள்.

இன்னொரு வழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். நம் கல்லறையை முடித்த பிறகு, கையில் மிஞ்சிய பூவையும் ஒரு மெழுகுவர்த்தியையும் கேட்பாரற்றுக் கிடக்கும் ஏதாவது ஒரு கல்லறைக்குக் கொடுத்துவிட்டு வருவோம். எல்லாரும் செய்வதுதான். அந்த நல்ல வழக்கம்தான் வருஷக்கணக்கில் உண்மையை மறைத்துவைத்தது.

நாங்கள் எப்போதும் காலையிலேயே போய்விடுவோம். ஒரு வருஷம் அப்பாவுக்கு லீவு கிடைக்காமல் சாயங்காலம் போனோம். எங்கள் மேட்டருகே ஒரு புருஷனும் பெண்சாதியும் முழங்காலில் இருந்தார்கள். அம்மா கையில் சுண்ணாம்பு வாளியையும் மட்டையையும் பார்த்ததும் அந்தப் பெண் எழுந்து ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதானா அக்கா? ஒவ்வொரு வருஷமும் நாங்க வர்றதுக்குள்ள யாரோ எங்க புள்ளைக்குச் சுண்ணாம்பு அடிச்சுப் பூ வெச்சிருக்காங்க. கேட்பாரில்லாத குழின்னு நெனச்சு யாரு செஞ்ச புண்ணியமோன்னு வேண்டிக்குவோம்."

"உங்க புள்ளையா?" என்றாள் அம்மா. "இது என் பொண்ணும்மா."

அப்பாதான் போய்க் குழி வெட்டும் அந்தோணியைக் கூட்டிவந்தார். அவர் தலையைச் சொறிந்தார். "கல்லு வைக்காத குழிய சில வருஷம் போனா தொறப்போம்மா. இடம் இல்ல, என்ன பண்றது? ரெண்டும் இங்கதான் கீதுங்க."

"என் பாப்பாவ எடுத்து எங்க போட்டீங்க?" அம்மாவின் அப்படியொரு குரலை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை.

"எங்கயும் போடல, தாயி. துணியில சுத்தி, அதே குழில ஓரமா வெச்சுதான் மூடுனேன்."

அம்மா மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பெண்ணும் பக்கத்தில் உட்கார்ந்தார். ரீட்டா என்று பெயர், அடுகோடிக்காரர். அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னார்: "அக்கா, எங்களுது தொட்டில் புள்ள. இன்னும் தல நிக்கல. உங்க பொண்ணு பெரியவதானே, கூட இருந்து பாத்துக்கட்டும்."

அம்மா அழுதாள். அழுதுகொண்டே எழுந்து சுண்ணாம்பு அடித்தாள். அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் இரண்டு குடும்பமும் ஒன்றாகவே போனோம். தோசையும் ஒன்றாகத்தான். அம்மாவுக்கு ரீட்டா ஆன்ட்டியைவிட நெருக்கமான சிநேகிதி யாரும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஊர் பெருத்தது. கல்லறைத் தோட்டத்தில் இடம் தீர்ந்துபோய்ச் சுவரில் அடுக்குக் கல்லறை கட்டினார்கள். குழந்தைகள் வரிசையை மட்டப்படுத்தி, அந்தச் சுவருக்குப் போய் வர அதன் மேலேயே சிமென்ட் பாதை போட்டார்கள். பளிங்கு ஆட்டுக்குட்டி எங்கே போனதென்று தெரியவில்லை. யாரையும் குறை சொல்லத் தோன்றவில்லை, செத்தவர்களுக்கு இடம் வேண்டுமே. ஆனால் அம்மா கடைசி நாட்களில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "என்னை பாப்பாகிட்டயே வெச்சிடுங்கடா." சரிம்மா என்றேன். முடியாதென்று அவளுக்கும் தெரியும். மூன்றாம் அடுக்கில் வைத்து, சிமென்ட் பலகையால் மூடினோம். அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ரீட்டா ஆன்ட்டி அதன் பிறகும் திருநாளுக்கு வந்துகொண்டிருந்தார். அம்மாவின் பலகைக்கு முன் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத் திரும்பும்போது, பாதையில் ஓரிடத்துக்கு முன்னால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மெல்ல நடப்பார். நானும் கழற்றிக்கொள்வேன். பின்னால் வந்த கூட்டம் ஒருமுறை அவசரப்படுத்தியது. "பாத்துப் போங்கப்பா, கீழ புள்ளைங்க இருக்குதுங்க" என்றார். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

அவரும் போய்விட்டார். இந்தத் திருநாளுக்கு அந்தப் பாதையில் செருப்பைக் கழற்றியவன் நான் ஒருவன்தான்.