கச்சதீவும் எங்கள் சாப்பாட்டு மேசையும்

கச்சதீவு யாருக்குச் சொந்தம் என்று இன்றைக்கும் யாராவது பேச்செடுத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்தியா கொடுத்தது செல்லுமா, இலங்கை வாங்கியது செல்லுமா என்று மேசையில் குத்திப் பேசுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தத் தீவைக் கண்ணால் கண்டதில்லை. என் அப்பாவும் கண்டதில்லை.

எண்பத்தாறாம் ஆண்டாக இருக்க வேண்டும். கனடாவில், ஸ்காபரோவில் ஒரு மாடிக் கட்டடத்தில் ஓர் அறை வீட்டில் இருந்தோம். அம்மாவுக்குக் கோட்டுத் தைக்கிற பக்டரியில் பின்னேர ஷிப்ட். அப்பாவுக்கு ஒரு ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவுகிற வேலை. எனக்கு எட்டு வயது. இரண்டு பேரும் இல்லாத நேரங்களில் என்னைப் பார்த்துக்கொண்டது எதிர்வீட்டு அன்ரி. அவர்கள் மதுரைக்காரர்கள். அந்த மாடியில் வேறு தமிழ் வீடு கிடையாது. அன்ரி கதவைத் திறந்தால்தான் அம்மா பஸ் பிடிக்கலாம் என்ற நிலைமை.

அந்த நன்றிக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா அவர்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். இடியப்பம், சொதி, மீன்குழம்பு. அன்ரியின் புருஷன், நான் அங்கிள் என்று கூப்பிடுபவர், ஒரு துண்டு மீனை வாயில் வைத்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“ஐஸ்ல வச்சதெல்லாம் ஒரு மீனா சார்? எங்க கச்சதீவுப் பக்கம் புடிக்கிற மீனைச் சாப்பிட்டுப் பாக்கணும்.”

“கச்சதீவு எங்கட பக்கமெல்லோ,” என்றார் அப்பா, சிரித்துக்கொண்டே.

“நாங்க குடுத்ததுதானே சார்.”

அதோடு சிரிப்புப் போயிற்று. அப்பா உப்புப் போத்தலை மேசை நடுவில் வைத்து, இதுதான் தீவு என்றார். சொதிச் சட்டி இலங்கை, இடியப்பத் தட்டு இந்தியா. அங்கிள் போத்தலைத் தன் பக்கம் நகர்த்தினார். அப்பா பிடுங்கித் திரும்ப வைத்தார். எனக்கு உப்பு வேண்டியிருந்தது. கேட்கப் பயமாக இருந்தது.

என் அப்பா, இலங்கைக்குத் திருப்பி அனுப்பினால் உயிர் தப்பாது என்று கனடாக்காரனிடம் அகதி வழக்குப் போட்டுவிட்டுக் காத்திருந்தவர். அங்கிளோ சத்தியப்பிரமாணம் எடுத்துக் கனடியன் ஆனவர். எந்த நாடும் இவர்களை வக்காலத்து வாங்கச் சொல்லவில்லை. ஆனாலும், குடிக்க நல்ல தண்ணீர்கூட இல்லாத ஒரு துண்டு நிலத்துக்காகத் தொண்டை கிழியக் கத்தினார்கள். வெட்கங்கெட்ட மனிதர்கள்!

அந்த வீட்டில் கச்சதீவில் கால் வைத்த ஒரே ஆள் அம்மாதான். அவர் கச்சதீவுக்குக் கிட்ட இருக்கிற நெடுந்தீவுப் பெண். சைவ சமயத்தவர் என்றாலும் கடலுக்குப் போகிற வீடு அது, அந்தோனியாருக்கு நேர்த்தி வைக்காமல் வலை இறக்க மாட்டார்கள். சின்ன வயதில் வள்ளத்தில் கச்சதீவு அந்தோனியார் கோயில் திருநாளுக்குப் போய், அக்கரையிலிருந்து வந்த பெண்களிடம் சவர்க்காரக் கட்டி கொடுத்துப் பண்டமாற்றாகச் சேலை வாங்கியவர். அவரை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் அடுப்படியில் அடுத்த தட்டு இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தார்.

“எங்க ஆளுங்க அங்க வந்து வலை போட்டா என்ன பண்ணிடுவீங்க?” என்றார் அங்கிள்.

“வந்து பாருங்கோ! எங்கட நேவி சுட்டுத் தள்ளும்!”

அங்கிள் கையைக்கூடக் கழுவாமல் எழுந்து போனார். அன்ரி தலையைக் குனிந்துகொண்டு பின்னால் போனார். அம்மா அடுப்படி வாசலில் நின்றார். போகிறவர்களை அவர் பார்க்கவேயில்லை. அப்பாவைத்தான் பார்த்தார்.

“ஆற்ற நேவி?” என்று மட்டும் கேட்டார். யாருடைய நேவி என்று.

அப்பா உப்புப் போத்தலை எடுத்து அலமாரியில் வைத்தார்.

மறுநாள் அன்ரி கதவைப் பாதிதான் திறந்தார். “வேணாம்மா, இவர் கோவிச்சுக்கறார்,” என்றார். என்னை விட்டுப்போக வேறு இடமில்லாமல் ஒரு கிழமைக்குள்ளேயே அம்மாவின் வேலை போயிற்று. அம்மா அப்பாவோடு பேசுவதை நிறுத்தினார். வேலை போன கோபம் என்று நினைத்தேன். பனிக்காலம் முடிய அம்மாவுக்கு வேறு வேலை கிடைத்தது. அப்போதும் பேசவில்லை. அதுதான் வேலை கிடைத்துவிட்டதே, இன்னும் என்ன கோபம் என்று எனக்கு அம்மா மேல்தான் எரிச்சல் வந்தது.

அம்மாவின் அண்ணன் ஒருவர், நான் பிறந்த பிறகு, கச்சதீவுப் பக்கம் வலை போடப் போய்த் திரும்பி வராதவர். கடலில் போனவர் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். புயலாக இருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன். மாமா நேவி சுட்ட வெடிபட்டுச் செத்தவர் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

அப்பாவுக்குத் தெரியும்.