தீ சுடாத கால்

உள்ளறையில் கட்டில் காலில் எதுவோ பலமாக மோதியது.

அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்த தைலம்மாள் கையை நிறுத்திக் காது கொடுத்தாள். அத்தனை வேகமாக இடித்துக்கொண்டவன் அலற வேண்டாமா? ஒரு 'ஸ்'ஸாவது வர வேண்டாமா? எதுவும் வரவில்லை. கத்தியைக் கீழே வைத்தாள். கோபம் வந்தது.

"யோவ், எதுலய்யா இடிச்சிக்கின?"

"நானா? எதுலயும் இடிக்கலியே!"

சொல்லிக்கொண்டே வெளியே வந்தான் சிங்காரம். அவன் நடந்து வந்த சிமென்ட் தரையில் அடிக்கு ஒரு சிவப்புப் பொட்டு. ஐயோ, அது ரத்தம் என்பதைக்கூட அவள்தான் அவனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது!

தோளைப் பிடித்து அழுத்தி நாற்காலியில் உட்கார வைத்தாள். இடது காலில் சுண்டு விரலும் அதற்கு அடுத்ததும் ஏற்கெனவே இல்லை. இப்போது கட்டை விரல் நகம் பெயர்ந்து நின்றது.

"வூட்டுக்குள்ளயும் செருப்பு போடுன்னு டாக்டர் தலையால அடிச்சிக்கினாரா இல்லியா?"

"சாமி படம் இருக்கிற எடத்துல எப்டிடீ செருப்பு போடறது?"

"போடாத. மீதி மூணும் போவட்டும். அப்பத்தான் உனுக்கு நிம்மதி." வாய் திட்ட, கை காயத்தைக் கழுவியது.

சிங்காரத்துக்கு ஐம்பத்து மூன்று வயது. கடலூர் முதுநகரில் இரும்பு கேட்டும் கிரில்லும் செய்யும் வெல்டர். மகள் வெண்மதி குழந்தையாக மஞ்சள் காமாலையில் கிடந்தபோது திரௌபதி அம்மனுக்கு வேண்டிக்கொண்டான். அன்று முதல் பதினெட்டு வருடம், ஒரு வருடமும் தவறாமல் தீ மிதித்தவன்.

ஏழு வருடத்துக்கு முன் சுகர் என்றார்கள். மாத்திரையை ஒரு வாரம் போட்டால் இரண்டு வாரம் மறப்பான். முதலில் உள்ளங்கால் எரிந்தது. பிறகு பஞ்சில் நடப்பதுபோல் இருந்தது. பிறகு எதுவுமே இல்லை. எதுவுமே இல்லாததைப் பாவி மனுஷன் குணமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டான்!

மூன்று வருடத்துக்கு முன் தீக்குழியில் இறங்கியவனுக்கு நெருப்பு தெரியவில்லை. ஈர மணலில் நடந்ததுபோல் நடந்து கரையேறி, "ஆத்தா என் காலைப் பூவாக்கிட்டா" என்று கதறி அழுதான். ஊரே அவன் காலில் விழுந்தது. மறு வருடம் ஃபிளெக்ஸ் பேனரில் 'பூக்கால் சிங்காரம்' என்று படம் போட்டார்கள். அதற்கு அடுத்த வருடம், அதாவது போன வைகாசியில், அவன் தீயின் நடுவிலேயே நின்று கும்பிட்டான். சுற்றிலும் நூறு செல்போன்கள் உயர்ந்தன. நிற்காதே, போ என்று சொல்ல ஒரு வாய்கூடவா அந்தக் கூட்டத்தில் இல்லை? தைலம்மாளே கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் நின்றாள். அதை நினைத்தால் இன்றும் அவள் தன்னையே அறைந்துகொள்வாள்.

கொப்புளம் வெடித்ததும் புழுத்ததும் அவனுக்குத் தெரியாது. நாற்றம் வந்த பிறகுதான் சிதம்பரம் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே டாக்டர் தூண்டில் நரம்பு போன்ற மெல்லிய இழை ஒன்றை எடுத்துக்கொண்டு, "கண்ணை மூடுங்க. கால்ல எங்க தொடறேன்னு சொல்லுங்க" என்றார். சிங்காரம் கண்ணை மூடினான். கொஞ்ச நேரம் பொறுத்து, "ஆரம்பிங்க சார்" என்றான்.

"பத்து எடம் தொட்டாச்சுங்க" என்றார் டாக்டர்.

பக்கத்தில் நின்ற தைலம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு இரண்டு விரலையும் வெட்டி எடுத்தபோதுகூட அவள் அப்படி அழவில்லை.

இன்று கட்டை விரலுக்குக் கட்டுப் போட்டு முடிவதற்குள் வாசலில் குரல். "மச்சான்! வூட்லதான் கீறியா?"

வந்தவர் சுப்பராயலு. தைலம்மாளின் சித்தப்பா மகன். திருவிழாக் குழுவில் பெரிய ஆள். கையில் மடித்த மஞ்சள் வேட்டி.

"வெள்ளிக்கிழம காப்பு கட்றோம். பூங்கரகத்துக்கு அடுத்து நீதான் மச்சான் எறங்கற. பேனர்கூட அடிச்சாச்சி."

சிங்காரத்தின் முகம் மலர்ந்துவிட்டது. கை நீண்டது. தைலம்மாள் எழுந்து குறுக்கே நின்றாள்.

"அண்ணே, தரையப் பாத்தியா? ரத்தம். அவரு கால்லேர்ந்து வந்துது. வந்தது அவருக்கே தெரியல. இந்தக் காலத் தூக்கி நெருப்புல வெக்கச் சொல்றியே, நீ மனுசனா?"

"தைலா, வாய அளந்து பேசு. ஆத்தா மேல நம்பிக்க இல்லியா?"

"ஆத்தா மேல நெறைய இருக்குது. உன் மேலதான் இல்ல. இருபத்து மூணு நாளு ஆஸ்பத்திரில கெடந்தாரு. எட்டிப் பாத்தியா நீ? இன்னிக்கு மட்டும் வழி தெரிஞ்சிதா?"

"வேல ஜாஸ்திமா அப்ப. யோவ் மச்சான், பொம்பள பேசறா, நீ கேட்டுக்கினு குந்திக்கினு கீற. வரலன்னா ஊர்ல பயந்துட்டான்னு சொல்லுவாங்க."

அந்த ஒரு சொல் போதும் அவனைக் கிளப்ப. தைலம்மாளுக்குத் தெரியும். அவன் மட்டும் அந்த வேட்டியைத் தொட்டால் இன்றே கட்டிக்கொடுத்த மகள் வெண்மதி வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவே கட்டினாள்.

சிங்காரம் நீட்டிய கையை மடியில் போட்டுக்கொண்டான். குனிந்து தன் காலையே, யாருடைய காலோ என்பதுபோல், பார்த்தான்.

"மொத வருசம் எப்டி சுட்டுச்சி தெரியுமா சுப்பராயலு? உயிரு போச்சி. போனாலும் போவட்டும், புள்ள பொழைக்கட்டும்னு மிதிச்சேன். அது நேத்திக்கடன். இப்ப எனுக்கு ஒண்ணும் சுடலியே. சுடாத கால வெச்சிக்கினு ஆத்தாவுக்கு நான் என்னாத்தக் குடுக்கறேன்? நீங்க படம் புடிக்க நின்னேன், அவ்ளோதான்."

"பேனரு..."

"கிழிச்சிப் போடு! பூக்காலாம் பூக்காலு! வெரலு ரெண்டு குப்பைக்குப் போச்சிய்யா!" நாற்காலியே அதிரும்படி கத்தினான். கண்ணில் நீர் கொட்டியது.

சுப்பராயலு வேட்டியைக் கக்கத்தில் இடுக்கினார். "கேட்டா என்னா சொல்றது நானு?"

"சுகரு நரம்பத் தின்னுடுச்சின்னு சொல்லு" என்றாள் தைலம்மாள். "உன் பொண்டாட்டிக்குங்கூட சுகருதான? வூட்டுக்குப் போயி மொதல்ல அவுங்க காலப் பாரு."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். தெருவில் மோட்டார் சைக்கிளை இரண்டு முறை உதைத்தார். மூன்றாவது உதையில் கிளம்பிற்று. அவர் திரும்பிப் பார்க்கும் முன்பே தைலம்மாள் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.