ஜீவராணியின் முழுப்பேர்

மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்த ஜீவராணிக்கு அடையாள அட்டையில் பாதிப் பெயர்தான். பிறப்பைப் பதிந்த புண்ணியவான் 'ஜீவா' வரை எழுதிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார் போலும். அவர் விட்டுப்போன 'ராணி'யைச் சொல்லித்தான் வீட்டில் கூப்பிடுவார்கள். "எம் மகளுக்குப் பொறந்த அன்னைக்கே அரைப்பேரு போட்டுட்டாங்க" என்று அவளுடைய அம்மா நாகலெட்சுமி சிரிப்பாள். கொழுந்து எடுக்கிறவர்களுக்குப் பேர் என்றால் ஒரு முழு நாள் வேலை. கொழுந்து நிறை குறைந்தாலும், பாதியில் மலையை விட்டு இறங்கினாலும் அரைப்பேர்தான் விழும், அரைநாள் சம்பளம்.

இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பாதிப் பெயரால் ஒரு தொல்லையும் இல்லை. தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்து, மலைநாட்டுக் கல்லூரிகளின் தடகள லீக்கில் ஓடத் தொடங்கினாளே, அப்போதுதான் பிடித்தது சனியன். சீசனுக்கு ஐந்து போட்டிகள். நான்கு முடிந்தபோது ஐயாயிரம் மீற்றரில் புள்ளிகளில் அவளே முன்னால். கடைசி வரை முன்னால் இருப்பவளுக்குத் தேசியத் தெரிவுப் போட்டிக்குப் போக இடம் உண்டு. பதிவுப் படிவத்தில் அவள் தன் கைப்பட 'இராமையா ஜீவராணி' என்று எழுதியிருந்தாள். தன் பெயரைத் தானே பாதியாக எழுத யாருக்குத்தான் மனசு வரும்!

ஐந்தாவது போட்டி அட்டனில், சனிக்கிழமை. காலை பத்து மணிக்கு வேறொரு கல்லூரிப் பொறுப்பாளர் ஆட்சேபம் கொடுத்தார். நான்கு போட்டிகளில் கண்ணில் படாதது அன்றைக்குப் பார்த்துப் பட்டதாம்! தலைமை நடுவர் அட்டையையும் படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"நம வெனஸ்னே" என்றார் சிங்களத்தில். பெயர் வேறு வேறாக இருக்கிறதே என்பது அதற்கு அர்த்தம்.

இரண்டு பெயரும் ஒரே ஆளுடையவை என்று ஜீ.எஸ். என்கிற கிராம சேவகரின் கடிதம் நாலு மணிக்குள் வர வேண்டும். அதுவரை ஓடத் தடையில்லை. வராவிட்டால் இன்றைய ஓட்டத்தோடு முந்தைய நான்கும் செல்லாது.

விளையாட்டுக்குப் பொறுப்பான பெற்றீசியா மிஸ் அவளை ஓரமாக இழுத்தார். "ஒங்க ஜீ.எஸ். ஒபிஸ் எத்தன மணி வரைக்கும்?"

"சனிக்கிழமைன்னா பன்னெண்டர வரைக்கும், மிஸ்."

அம்மா மலையில் இருந்தாள். நான்காவது தடவைதான் தொலைபேசியை எடுத்தாள்.

"அம்மா, ஜீ.எஸ். ஐயாகிட்ட ஒரு லெட்டர் வேணும்மா. ஜீவாவும் ஜீவராணியும் ஒரே ஆளுன்னு எழுதணும். நாலு மணிக்குள்ள இங்க வரணும்மா!"

"என்னடி ராணி? காத்துல ஒண்ணும் கேக்கல…"

அவ்வளவுதான், தொடர்பு அறுந்தது. அதற்குப் பிறகு எத்தனை முறை எடுத்தும் கிடைக்கவில்லை. அம்மா எதைக் கேட்டாள், எதை விட்டாள்?

இரண்டரைக்கு ஓட்டம் தொடங்கியது. பன்னிரண்டரைச் சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் அவள் கண் மைதானத்தின் கேட்டுக்கே போனது. ஐஸ்கிரீம்காரன் வந்தான், இரண்டு பொலிஸ்காரர்கள் வந்தார்கள், அம்மாவைக் காணோம்.

"அங்க என்னத்தப் பாக்குற? முன்னுக்குப் பாரு!" என்று மிஸ் தொண்டை கிழியக் கத்தினார்.

ஒன்பதாவது சுற்றில் நீலச் சட்டைக்காரி முந்திவிட்டாள். புள்ளிகளில் அடுத்து நிற்பவள் அவள்தான். இன்றைக்கு அவள் ஜெயித்தால் சீசனே அவளுடையது. செல்லாமல் போகப்போகிற ஓட்டத்துக்கு இவ்வளவு மூச்சு எதற்கு என்று ஜீவராணிக்கு ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணமே கோபம் பொங்கியது. ராணியை முழுங்கினது போதாதா, ஓடின ஓட்டத்தையும் முழுங்கணுமா? கடைசிச் சுற்றில் அவள் கேட்டைப் பார்க்கவே இல்லை. ஒரு கை அளவு முன்னால் கோட்டைத் தாண்டிப் புல்லில் விழுந்தாள்.

ஒலிபெருக்கியில் இரண்டாவது பெயரும் மூன்றாவது பெயரும் வந்தன. முதலிடம் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது என்றார்கள். பெயரே சொல்லவில்லை, பாதிகூட. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மூன்றரை. மூன்றே முக்கால். நடுவர் மேசையில் காகிதங்களை அடுக்கத் தொடங்கினார்.

நாலு மணிக்கு ஏழு நிமிஷம் இருக்கும்போது கேட்டருகே சலசலப்பு. கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல், மலையில் நின்ற கோலத்திலேயே நாகலெட்சுமி ஓடி வந்தாள். கையில் ஷொப்பிங் பேக். அதற்குள் நான்காக மடித்த கடிதம், முத்திரையோடு.

"ராணி! இதானடி கேட்ட?"

நடுவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு பட்டியலில் வெறுமையாக இருந்த முதல் வரியில் ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். ஒலிபெருக்கி 'இராமையா ஜீவராணி' என்று கூப்பிட்டது. பெற்றீசியா மிஸ் மேசையைத் தட்டிக் கூச்சல் போட்டார்.

"ஒண்ணுமே கேக்கலன்னீங்களே அம்மா?"

"ஜீ.எஸ்., ராணி, நாலு மணி. அது மூணும் கேட்டுச்சி. ஒன் அட்டையில பேரு பாதின்னு அவருக்குத் தெரியாதா, மிச்சத்த அந்த ஐயாவே புரிஞ்சிக்கிட்டாரு." நாகலெட்சுமி மேசையை எட்டிப் பார்த்தாள். அவளுக்கு அந்தச் சிங்கள எழுத்து வாசிக்க வராது. "முழுசா எழுதிட்டாரா?"

"முழுசா எழுதிட்டாரும்மா." சொல்லும்போதே ஜீவராணிக்கு உறைத்தது. பன்னிரண்டரைக்குள் ஜீ.எஸ். முன்னால் நிற்க வேண்டுமென்றால், அம்மா பதினொரு மணிக்கே மலையை விட்டு இறங்கியிருக்க வேண்டும். "அப்ப ஒங்களுக்கு?"

"எனக்கு இன்னைக்கு அரைப்பேருதான்" என்றாள் நாகலெட்சுமி, படங்கை அவிழ்த்துக்கொண்டே.